கேழ்வரகு முளையும் சுண்டக்கஞ்சிப் பானையும்

காசிமேட்டில் சுண்டக்கஞ்சி என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சோற்றைப் பானையில் தண்ணீரோடு போட்டு மூடி, நாள்கணக்கில் புளிக்கவிட்டு, வடிகட்டிக் குடிப்பது. மீனவர் குப்பங்களோடு வளர்ந்து, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னை முழுக்கப் பெயர் வாங்கிய பானம். சினிமா காமெடியில் அடிபட்டு அடிபட்டு, பெயரைக் கேட்டாலே சிரிக்கும்படி ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அறிவியல்படி பார்த்தால் அது பீர். தானியத்தைப் புளிக்கவைத்து, அடுப்பில் ஏற்றி ஆவி பிடிக்காமல் அப்படியே குடிக்கிற மது எதுவானாலும் பீர் குடும்பத்தில்தான் சேரும். ஜெர்மனிக்காரர் பார்லியில் செய்கிறார், ஜார்க்கண்டில் சந்தாலிகள் அரிசியில் ஹண்டியா செய்கிறார்கள், இங்கே வடசென்னையில் சோற்றில் செய்தார்கள்.

குடியால் சீரழிந்த வீடுகள் இந்தத் தெருக்களில் எத்தனையோ இருக்கின்றன. அதனால் சுண்டக்கஞ்சியைப் புகழ்ந்து தள்ள எனக்கு மனம் வராது. தமிழ்நாட்டில் அதைச் செய்வது குற்றமும்கூட. ராஜாஜி அமைச்சரவை 1937-ல் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது, பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் கடைகள் திறந்தன, 1974-ல் மூடின, 1981-ல் மறுபடி திறந்தன, 1983-ல் டாஸ்மாக் வந்தது. கடை திறப்பதும் மூடுவதுமாக அரசுகள் மாறின. ஆனால் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது எல்லாக் காலத்திலும் குற்றமாகவே இருந்தது, வீட்டில் குடிக்க என்றாலும் சரி. வெளிநாடுகளில் வாரக்கடைசிப் பொழுதுபோக்காக வீட்டிலேயே பீர் செய்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் அதைச் செய்தால் போலீஸ் ஜீப் வரும்.

அப்படியானால் இந்தப் பொழுதுபோக்கில் நமக்கு ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. பீர் செய்வதில் அறிவுக்கு வேலை கொடுக்கிற பாதி, மது உண்டாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதியைச் செய்யச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. அதற்கு வேண்டிய பொருளும் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது.

சுண்டக்கஞ்சிப் பானையில் ஒரு புதிர் இருக்கிறது. மதுவை உண்டாக்குவது ஈஸ்ட். அது தின்பது சர்க்கரை. சோற்றிலோ சர்க்கரை கிடையாது, மாவுச்சத்துதான் இருக்கிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்த நீண்ட சங்கிலி. ஈஸ்ட் செல்லின் சுவரைத் தாண்டி உள்ளே போகிற அளவா அது? பசியோடு சோற்றுப் பானைக்குள் விழுந்த சாதாரண ஈஸ்ட், சுற்றிலும் உணவு இருந்தும் பட்டினி கிடக்கும். கள்ளில் இந்தத் தொல்லை இல்லை. பாளையிலிருந்து சொட்டும்போதே அது சர்க்கரைத் தண்ணீர், அதனால் கலயத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடுகிறது. திராட்சையும் அப்படித்தான். தானியத்துக்கு மட்டும் நடுவில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாவுச்சத்தை யாராவது வெட்டிச் சர்க்கரையாக்கித் தர வேண்டும்.

அந்த வேலைக்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் மூன்று. தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப் பக்கம் மக்காச்சோளத்தை வாயில் போட்டு மென்று பானையில் துப்பினார்கள். நம் எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். சோற்றைக் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தால் இனிப்புத் தட்டுவது அதனால்தான். கிழக்கு ஆசியாவிலும் நம் நாட்டின் கிழக்குப் பக்கத்திலும் இந்த வேலையைப் பூஞ்சையிடம் விட்டார்கள். சிக்கிமின் மர்ச்சாவும் சந்தாலிகளின் ரானுவும் பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா எல்லாம் ஒன்றாகக் குடியிருக்கிற காய்ந்த மாவு வில்லைகள். அசாமின் திமாசா மக்கள் அரிசியோடு ஒரு காட்டுச் செடியின் பட்டையையும் சேர்த்து ஜுடிமா செய்கிறார்கள். அதற்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஊரின் வீட்டு மதுவை ஊரின் சொத்தாக மதிக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கிற சான்று அது.

வடசென்னைப் பானைக்கு வில்லை கிடையாது. வெந்த சோற்றில் அரிசியின் சொந்த நொதிகளும் அழிந்துபோயிருக்கும். ஆக, பானையிலும் தண்ணீரிலும் காற்றிலும் இருந்து வந்து சேரும் பூஞ்சைகளும், மாவுச்சத்தை உடைக்கத் தெரிந்த சில தனி வகை ஈஸ்ட்களும்தான் அங்கே வெட்டும் வேலையைச் செய்தாக வேண்டும். வெல்லமோ சர்க்கரையோ சேர்த்தால் அவற்றின் சுமை குறையும். பழைய சோறு ஒரே ராத்திரியில் புளிப்போடு நின்றுவிடுவதும், சுண்டக்கஞ்சிக்கு நாள்கள் பிடிப்பதும் இதனால்தான். முதல் இரவில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. உடைப்பவர்களும் ஈஸ்டும் மெதுவாகத்தான் மேலே வருகிறார்கள். உரிய அனுமதியோடு ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் அந்தப் பானையின் நுண்ணுயிர்களை வரிசையாகப் பட்டியல் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பக்குவம் தெரிந்த ஆயாக்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

மூன்றாவது வழி முளை. ஐரோப்பிய பீர் முழுக்க இதில்தான் நிற்கிறது. விதை முளைக்கும்போது கருவுக்குப் பசி எடுக்கும். அது ஒரு ஹார்மோனை அனுப்ப, விதையின் உறையை ஒட்டிய செல் அடுக்கு அமிலேஸைச் சுரந்து, சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கரைக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்துத் தானியத்தைக் காயவைத்துவிட்டால் முளை நின்றுவிடும், நொதி மட்டும் உறங்கும். இதுதான் மால்ட். 1833-ல் பிரான்ஸில் பாயென், பெர்சோஸ் என்ற இருவர் மால்ட்டிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுத்தார்கள். மனிதர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்த நொதியே அதுதான்.

நம் வீடுகளில் மால்ட் செய்வது புதிய சங்கதியா என்ன? கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளைவிட்டதும் காயவைத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சாத குடும்பம் குறைவு. சிறுதானியங்களிலேயே முளைவிடும்போது நல்ல அளவில் அமிலேஸ் சுரப்பது கேழ்வரகு. உகாண்டாவில் இதே கேழ்வரகு முளையில் பீர் செய்து, நீண்ட குழல்களை ஒரே பானையில் விட்டுச் சுற்றி உட்கார்ந்து உறிஞ்சுகிறார்கள். நம் ஊரில் அதே முளை தொட்டிலுக்குப் போகிறது.

ஒரு மணி நேரம் கிடைக்கும் நாளில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரில் அரிசிமாவை நன்றாகக் கெட்டியாகக் காய்ச்சுங்கள், கரண்டியைத் தூக்கினால் கூடவே வருகிற பதத்துக்கு. இறக்கி 65 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிடுங்கள். சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் குழப்பம் இல்லை. கொஞ்சம் கஞ்சியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, இப்போது முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு கரண்டி போட்டுக் கலக்குங்கள். சில நிமிடங்களில் கெட்டிக் கஞ்சி இளகி, கரண்டியிலிருந்து தண்ணீராக ஒழுகும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை, அடுப்பும் எரியவில்லை. முதல் தடவை பார்க்கிறவர்கள் கண்ணை நம்ப மாட்டார்கள்.

அடுத்து முதலுதவிப் பெட்டியில் இருக்கும் பெட்டாடினை எடுங்கள். மாவு சேர்ப்பதற்கு முன் எடுத்துவைத்த கெட்டிக் கஞ்சியை ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு பெட்டாடின் விட்டால் கருநீலமாக மாறும். மாவுச்சத்துச் சங்கிலிக்குள் அயோடின் நுழைந்து உட்காரும் நிறம் அது. மாவு சேர்த்துப் பத்து நிமிடம் கழித்து இன்னொரு பொட்டு எடுத்தால் ஊதா. மேலும் நேரம் போகப்போகச் செம்பழுப்பு. சங்கிலிகள் குறுகிக்கொண்டே போக, கடைசியில் பெட்டாடினின் சொந்த நிறம் அப்படியே நிற்கும். பீர் ஆலைகளிலும் மாவுச்சத்து தீர்ந்ததா என்று பார்க்க இதே அயோடின் சோதனையைத்தான் செய்வார்கள். சொட்டு விட்ட பொட்டுகளைக் கழுவிக் கொட்டிவிட்டு, பாத்திரத்தில் இருப்பதை ருசி பாருங்கள். மெல்லிய இனிப்பு. சர்க்கரை டப்பாவைத் திறக்காமல் வந்த இனிப்பு அது.

65 டிகிரி என்று ஏன் குறிப்பாகச் சொன்னேன் என்றால், உள்ளே வேலை செய்கிற நொதிகள் இரண்டு. ஆல்ஃபா அமிலேஸ், வலைக்கயிற்றை நடுவில் கண்ட இடத்தில் கத்தி போடுவதுபோலச் சங்கிலியை வெட்டும். கஞ்சி உடனே இளகுவது அதன் வேலை. பீட்டா அமிலேஸ் கயிற்றின் நுனியிலிருந்து இரண்டிரண்டு முடிச்சாக நறுக்கிக்கொண்டே வரும். அந்த இரண்டு முடிச்சுத் துண்டுதான் மால்ட்டோஸ் சர்க்கரை. பீட்டாவுக்கு 60 முதல் 65 டிகிரி பிடிக்கும், 70-ஐத் தாண்டினால் சீக்கிரமே செத்துவிடும். ஆல்ஃபா 70 வரை தாராளமாகத் தாங்கும். ஒரு சில டிகிரியைக் கூட்டிக் குறைத்து, சர்க்கரை அதிகமாக வேண்டுமா, கனம் அதிகமாக வேண்டுமா என்று தீர்மானிப்பதுதான் பீர் செய்கிறவர்களின் கைவண்ணம். வீட்டில் வெப்பமானி வைத்துக்கொண்டு இரண்டு பாத்திரத்தில், ஒன்று 62, இன்னொன்று 70 என்று செய்து பார்த்தால் இரண்டுக்கும் உள்ள ருசி வித்தியாசம் நாக்குக்கே தெரியும்.

துணியில் வடிகட்டிய நீரில் பால் பார்க்கிற லாக்டோமீட்டரை மிதக்கவிட்டால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அதில் 40 என்று காட்டினால் அடர்த்தி 1.040, அதாவது கிட்டத்தட்டப் பத்து சதவீதச் சர்க்கரை. பீர் செய்கிறவர்கள் வைத்திருக்கும் ஹைட்ரோமீட்டரும் இதே தத்துவம். தொடக்கத்தில் 1.048, முடிவில் 1.010 என்றால் வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கி ஐந்து சதவீத ஆல்கஹால் என்று சொல்லிவிடுவார்கள். இந்த இனிப்பு நீரை ஈஸ்ட்டிடம் கொடுத்தால் பீர். கொடுக்காமல் பாலோடு சேர்த்து வற்றவைத்துத் தூளாக்கினால்? அமெரிக்காவில் வில்லியம், ஜேம்ஸ் ஹார்லிக் சகோதரர்கள் 1883-ல் காப்புரிமை வாங்கிய சரக்கு. நம் அம்மாக்கள் பரீட்சை நாளில் ஆற்றிக் கொடுத்த ஹார்லிக்ஸ், பீரின் பாதி வழியில் திரும்பி வந்த பானம்தான்.

பரோடாவில் தாரா கோபால்தாஸ் 1980-களில் இந்த நொதியைக் குழந்தைகள் பக்கம் திருப்பினார். கைக்குழந்தையின் வயிறு சின்னது. கெட்டிக் கஞ்சி கொடுத்தால் விழுங்காது. தண்ணீர் ஊற்றி இளக்கினால் வயிறு நிறையும், சத்து போய்ச் சேராது. கெட்டிக் கஞ்சியில் முளைமாவு ஒரு சிட்டிகை போட்டால் சத்து அப்படியே இருக்க, கஞ்சி மட்டும் இளகும். நான் முன்னே சொன்ன டம்ளர் சோதனை எத்தனையோ குழந்தைகளின் எடையோடு சம்பந்தப்பட்டது. இந்தப் பொழுதுபோக்கை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அதுதான்.

ஈஸ்ட் விஷயத்துக்கு வருவோம். சட்டம் அனுமதித்தாலும்கூடத் தண்டையார்பேட்டையில் ஐரோப்பிய பீர் செய்வது சிரமம். ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும், லாகர் ஈஸ்ட்டுக்குப் பத்து டிகிரி அளவில் குளிர் வேண்டும். இங்கே மே மாதம் இரவிலும் 28-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வெறிகொண்டு வேலை செய்து, கனமான ஆல்கஹால்களையும் எஸ்டர்களையும் கொட்டிவிடும். பெயின்ட் தின்னர் வாடை வரும். பெங்களூரில் பீர் செய்யும் ஓட்டல்கள் பெருகியதில் சட்டத்தோடு வானிலைக்கும் பங்கு உண்டு.

சூட்டில் உழைக்கிற ஈஸ்ட் உலகத்தில் இல்லாமல் இல்லை. வியப்பு என்னவென்றால் அது குளிர் நாடான நார்வேயில் இருக்கிறது. மேற்கு நார்வே கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் காயவைத்து எடுத்துவைத்த க்வெய்க் என்ற வீட்டு ஈஸ்ட் 35, 40 டிகிரியிலும் கெட்ட வாடை இல்லாமல் புளிக்கவைக்கும். காய்ச்சிய நீர் முழுக்க ஆறும்வரை காத்திராமல் சூடாக இருக்கும்போதே ஈஸ்ட்டை இட்டு இட்டு, அந்தக் குணமுள்ளதை விவசாயிகள் தங்களை அறியாமலே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நம் வெயிலில் தலைமுறைகளாகப் புளித்த பானைகளில் எப்படிப்பட்ட ஈஸ்ட் தேர்வாகியிருக்கும்? எனக்குத் தூக்கம் கெடுக்கிற கேள்வி இது.

நம் சூடு யாருக்குச் சாதகம் என்றால் பாக்டீரியாவுக்கு. இட்லி மாவு பொங்குவதற்கு ஈஸ்ட்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். லியூகோனோஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியாதான் முக்கியமாக அந்த வாயுவை விடுகிறது என்று 1965-ல் முகர்ஜியும் ஸ்டைன்க்ராஸும் சகாக்களும் காட்டினார்கள். இந்த பாக்டீரியாக்கள் விடுகிற அமிலம் கெட்ட கிருமிகளை அண்டவிடாது. காலராக் கிருமி அமிலத்தைத் தாங்காத ஜாதி. தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிற பேட்டை தண்டையார்பேட்டை, காலராவுக்கு இங்கே வந்து படுத்தவர்கள் ஏராளம். தண்ணீரை நம்ப முடியாத காலத்தில் புளித்த நீராகாரம் வெறும் தண்ணீரைவிடப் பத்திரமான பானமாக இருந்திருக்கும்.

சுண்டக்கஞ்சி என்றதும் பலர் கண்போகும், உயிர்போகும் என்று பயப்படுவதால் மெத்தனால் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தானியத்தைப் புளிக்கவைக்கும்போது உண்டாவது எத்தனால். மெத்தனால் உண்டானாலும் அது ஆளைக் கொல்லும் அளவு இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது தொழிற்சாலைக்கான மெத்தனால் கலந்த சாராயத்தால். கல்லீரலில் ஒரே நொதிதான் எத்தனாலையும் மெத்தனாலையும் உடைக்கிறது. மெத்தனாலை உடைத்தால் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். அந்த அமிலம் முதலில் தாக்குவது கண் நரம்பை. அந்த நொதியை வேறு வேலையில் மாட்டிவிட்டால் விஷம் உண்டாவது தள்ளிப்போகும். அதனால்தான் மருத்துவமனையில் சுத்தமான எத்தனாலையோ ஃபோமெபிசோல் மருந்தையோ ஏற்றுகிறார்கள். பார்வை மங்குகிறது என்று குடித்தவர் சொன்னால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தெருவில் விற்கும் சுண்டக்கஞ்சியை நான் தொடமாட்டேன், யாரையும் தொடச் சொல்லவும் மாட்டேன். புளித்த சோறு ஆளைக் கொல்லாது. அதில் என்ன கலந்திருக்கிறார்கள் என்பது விற்கிறவருக்குத்தான் தெரியும்.

வெளிநாடுகளிலும் வீட்டு பீருக்கு எப்போதும் தடையில்லாமல் இருந்ததில்லை. பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் செய்ய உரிமம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வரி இல்லாமல் செய்துகொள்ளும் வழி பிறந்தது. பீரால் அறிவியலுக்குக் கிடைத்ததும் கொஞ்சநஞ்சம் இல்லை. அமிலத்தை அளக்கும் பிஎச் அளவுகோலை 1909-ல் வகுத்த சோரன்சென் கார்ல்ஸ்பெர்க் ஆலை ஆய்வகத்துக்காரர். புள்ளியியல் படிக்கிற நம் பிள்ளைகள் எழுதுகிற டி-சோதனையை 1908-ல் தந்த கோசெட், கின்னஸ் ஆலையின் வேதியியலாளர். பானையைக் கவனமாகப் பார்க்கிறவருக்கு அளக்கும் ஆசை தானாக வந்துவிடும்.

அந்த ஆசை இருப்பவருக்கு இந்த ஊரில் என் யோசனை: முளையை நீங்களே கட்டுங்கள். ஷிஃப்ட் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத வேலை இது. காலையில் கிளம்பும்போது கேழ்வரகை ஊறப்போட்டால், ராத்திரி வந்ததும் வடித்துத் துணியில் கட்டலாம். இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். முளை தானியத்தின் அளவுக்கு வந்ததும் மொட்டை மாடியில் காயப்போட வேண்டும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நிற்கும்வரை இந்தப் பக்கத்து மாடிகளில் காயப்போட்ட எதன்மேலும் கரி படியும். இப்போது கன்டெய்னர் லாரிப் புழுதி, ஆகவே மேலே ஒரு வேட்டி விரித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கட்ட வேண்டாம். ஈரக்காற்றில் முளைக்கு முன்னால் வெள்ளைப் பூஞ்சை வந்துவிடும், அப்படி வந்ததைக் கழுவிப் பயன்படுத்தாமல் கொட்டிவிட வேண்டும். கேழ்வரகுக்குப் பதில் சோளத்தில் செய்து பார்க்கவும் வேண்டாம். சோள முளையில் சயனைடு விடுகிற பொருள் உண்டு. வடித்த இனிப்பு நீரை அன்றே கொதிக்கவைத்து, குளிரவைத்து, சுக்கோ ஏலமோ தட்டிப் போட்டுக் குடித்துவிடுங்கள். வெளியில் விட்டுவைத்தால் நம் ஊர்ச் சூட்டில் மறுநாளே புளிக்கத் தொடங்கும், இன்னும் விட்டால் சட்டம் பேசுகிற எல்லைக்குப் போய்விடும்.

கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் ராகி மால்ட் வாங்கி இந்தச் சோதனையைச் செய்தால் பெரும்பாலும் கஞ்சி இளகாது. மணத்துக்காக நன்றாக வறுத்துவிடுகிறார்கள், வறுத்தால் நொதி போய்விடும். வெயிலில் காய்ந்ததை இளஞ்சூட்டில் புரட்டி எடுத்து, முளைவேரை உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்து, மாவு மெஷினில் அரைத்துத் தனி டப்பாவில் வையுங்கள். மெஷினில் மிளகாய் அரைத்த கையோடு அரைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது.